திரை இருட்டாக இருந்தால் மெஷின் போய்விட்டது என்று அர்த்தமா?

என் வயதுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிவியில் படம் வரவில்லையா, "டிவி போயிருச்சு" என்போம். போனில் சத்தம் கேட்கவில்லையா, "போன் போயிருச்சு" என்போம். 36 வருடம் தொலைபேசித் துறையில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இந்தப் "போயிருச்சு" என்ற ஒற்றை வார்த்தையால் ஊரில் வீணாகிற காசு கொஞ்சநஞ்சம் இல்லை. போன வருடம் தீபாவளிக்கு முன்னால் சென்னிமலையில் ஒரு நெசவாளி வீட்டில் இந்த வார்த்தைக்கு 28,000 ரூபாய் விலை வைத்திருந்தார்கள். அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

கம்ப்யூட்டர் சமாச்சாரம் நமக்கெதற்கு என்று தாண்டிப் போய்விடாதீர்கள். பேரன் பேத்தி உள்ள எல்லா வீட்டிலும் இன்றோ நாளையோ இது நடக்கும்.

பெருந்துறையிலிருந்து சென்னிமலை கூப்பிடு தூரம். பெட்ஷீட்டுக்குப் பேர்போன ஊர். என் நண்பர் அங்கே கைத்தறி நெசவாளி. அவர் வீட்டுக்கு முதன்முதலில் போன் கம்பி இழுத்துக் கொடுத்ததில் ஆரம்பித்த பழக்கம், 30 வருடமாகத் தொடர்கிறது. அவர் மகன் டிப்ளமோ படித்துவிட்டு ஜக்கார்டு டிசைன் போடும் தொழிலைப் பிடித்துக்கொண்டான்.

ஜக்கார்டு என்றால் என்னவென்று தறி பார்த்தவர்களுக்குத் தெரியும். பெட்ஷீட்டில் மயில், பூ, கோபுரம் எல்லாம் வருகிறதே, அதற்குத் தறியின் மேலே ஒரு பெட்டி இருக்கும். ஓட்டை குத்திய அட்டைகள் வரிசையாகக் கோத்து அதில் தொங்கும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. ஓட்டை உள்ள இடத்தில் பாவு நூல் மேலே போகும், இல்லாத இடத்தில் கீழேயே நிற்கும். பிரான்ஸ் நாட்டு லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804-ல் கொண்டுவந்த ஏற்பாடு இது. பின்னாளில் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் கணக்குப் போடும் மெஷின் ஒன்றுக்குத் திட்டம் போட்டபோது, இந்த ஓட்டை அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். ஆக, கம்ப்யூட்டருக்கும் தறிக்கும் தாயாதி உறவு உண்டு.

முன்பெல்லாம் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாகச் சாயம் அடித்து டிசைன் வரைவார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். டிசைன் போடுவதோடு, அந்தப் பெட்ஷீட் கட்டிலில் விரித்தால் எப்படி இருக்கும் என்று போட்டோ மாதிரியே படம் செய்து காட்டச் சொல்கிறார்கள் வியாபாரிகள். பையனிடம் இருந்த பழைய லேப்டாப் அதற்குத் தாங்கவில்லை. கடையில் முழுதாக வாங்குவதைவிடப் பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்டினால் அதே காசுக்கு நல்லதாகக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டான். அந்தக் கணக்கு சரிதான். கோயமுத்தூரில் பாதி, ஆன்லைனில் பாதி என்று 74,000 ரூபாய்க்கு வாங்கினான். அதில் 40,000 அவன் அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன்.

வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பூட்டி முடித்தான். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கெல்லாம் எரிகிறது. திரை மட்டும் கருப்பு. "நோ சிக்னல்" என்று ஒரு வரி வந்துவிட்டு அதுவும் அணைந்துவிடுகிறது.

மூன்று நாள் போராடிவிட்டு ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். அங்கே பார்த்துவிட்டு, "போர்டும் ப்ராசஸரும் போயிருக்கும், ரெண்டையும் மாத்தணும், 28,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வியாபாரிக்குத் தீபாவளிக்குள் 12 டிசைன் கொடுக்க வேண்டும். அம்மா கை வளையலைக் கழற்றி வைத்துவிட்டார். அந்த நேரத்தில்தான் பையன் எனக்குப் போன் செய்தான்.

"மாமா, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

"கண்ணு, எனக்குக் கம்ப்யூட்டர் ஒண்ணும் தெரியாதே."

"தெரியாட்டிப் போவுதுங் மாமா. கோளாறு கண்டுபுடிக்கத் தெரியுமில்லீங்களா?"

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப் போயிற்று. கிளம்பிவிட்டேன்.

இங்கே எங்கள் காலத்து வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 198-க்குக் கூப்பிட்டு "போன் டெட்" என்று புகார் வரும். உடனே போன் பெட்டியை மாற்ற ஓட மாட்டோம். எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப் என்று ஒரு பெரிய சட்டம் இருக்கும். ஊர்க் கம்பியெல்லாம் வந்து சேரும் இடம். அங்கே அந்த வீட்டு லைனைப் பிரித்துவிட்டு, எக்ஸ்சேஞ்ச் பக்கம் காது வைத்துப் பார்ப்போம். டயல் டோன் கேட்டால் உள்ளே சரி, கோளாறு வெளியே. பிறகு தெருமுனைப் பில்லர். அங்கே டோன் இருந்தால் கோளாறு அதற்கும் அப்பால். அடுத்து கம்பத்தில் இருக்கும் டி.பி. பெட்டி. அதற்கு அப்புறம்தான் வீடு. ஒவ்வொரு தடவையும் பாதியைக் கழித்துவிடுவோம். மூன்று நான்கு கிலோமீட்டர் கம்பியில் மழைத்தண்ணீர் இறங்கிய ஒரே ஒரு மூட்டை இப்படித்தான் கண்டுபிடிப்பது.

இதில் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, கோளாறு எந்தப் பக்கம் என்று தெரியாமல் எதையும் மாற்றாதே. இரண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் புதுக் கோளாறு வேறு சேர்ந்திருக்கும்.

பையன் வீட்டில் போய் உட்கார்ந்ததும் இதே வேலையைத்தான் செய்தேன்.

முதலில் திரையும் அதன் கேபிளும். டிவிக்கு மாட்டியிருந்த செட்டாப் பாக்ஸைக் கழற்றி, பையனுடைய கேபிளாலேயே அவன் திரையில் மாட்டச் சொன்னேன். சீரியல் பளிச்சென்று வந்தது. ஆக, திரையும் கேபிளும் நல்லது. பாதி கழிந்தது.

அடுத்து, கேபிளைக் கம்ப்யூட்டரில் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறான் என்று பார்த்தேன். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் திரைக் கேபிளை அந்தக் கார்டில்தான் மாட்ட வேண்டும். பலர் மேலே போர்டில் இருக்கும் துளையில் மாட்டிவிட்டு ராத்திரியெல்லாம் முழித்திருக்கிறார்கள். இவன் சரியாகத்தான் மாட்டியிருந்தான்.

பிறகு கரண்ட். போர்டுக்கு 24 ஊசி உள்ள பெரிய கேபிள் ஒன்று. ப்ராசஸருக்கென்று 8 ஊசி உள்ள கேபிள் ஒன்று, போர்டின் மேல் மூலையில் ஒளிந்திருக்கும். இந்த இரண்டாவதை மாட்ட மறந்தாலும் பல போர்டுகளில் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், ஆனால் படம் வராது. ஃபேன் சுற்றுவதை நம்பக் கூடாது என்பது இதனால்தான். இரண்டையும் கழற்றி 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டச் சொன்னேன். மாற்றம் ஒன்றும் இல்லை.

இனி மெஷினையே கேட்க வேண்டியதுதான். கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டதும் நேராகத் திரைக்கு வந்துவிடாது. முதலில் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ப்ராசஸர் இருக்கிறதா, மெமரி இருக்கிறதா, படம் காட்டும் கார்டு இருக்கிறதா, விண்டோஸ் இருக்கும் டிஸ்க் இருக்கிறதா என்று வரிசையாக. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட பி.சி.யிலேயே இந்த ஏற்பாடு உண்டு. எல்லாம் சரி என்றால் சின்னதாக ஒரு 'பீப்'. கோளாறு என்றால் வேறு மாதிரிச் சத்தம். இன்றைய போர்டுகள் பலவற்றில் சத்தத்துக்குப் பதிலாக நான்கு குட்டி விளக்குகள் வைத்திருக்கிறார்கள். எந்தச் சோதனையில் நிற்கிறதோ அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

கவனியுங்கள், திரையில் படம் வருவது இந்த வரிசையில் கடைசிப் பக்கம். கல்யாணப் பந்தியில் பாயசம் வரவில்லை என்றால் அடுப்பே பற்றவைக்கவில்லை என்று அர்த்தமா? சோறு வெந்துகொண்டிருக்கலாம்.

இவன் போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மெமரி என்று பக்கத்தில் பொடி எழுத்து.

"இது எரியறது உனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியுமுங் மாமா. அதனாலதான் ரெண்டு ரேமையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். ஒண்ணும் வரலீங்."

"ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் விட்டுப் பாத்தே?"

"ஒரு இருவது செகண்டு, முப்பது செகண்டு இருக்குமுங். வரலேன்னதும் ஆஃப் பண்ணிருவேன்."

போர்டோடு வந்த கையேட்டை வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். யாரும் அதைப் பிரித்த மாதிரியே தெரியவில்லை. மெமரி பற்றிய பக்கத்தில் ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. 'மெமரி ட்ரெயினிங்'. முதல் தடவை போடும்போது இதற்கு நேரமாகும் என்று இரண்டே வரி.

ட்ரெயினிங் என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. 2005-ல் நாட்டில் போன் கம்பி வழியாகவே பிராட்பேண்ட் கொடுக்க ஆரம்பித்தபோது நாங்கள் தினமும் சொன்ன வார்த்தை அது. மோடத்தில் டி.எஸ்.எல். என்று ஒரு விளக்கு மினுக் மினுக் என்று அடிக்கும். அந்த நேரத்தில் மோடமும் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவியும் கம்பியைப் பரிசோதித்துக்கொண்டிருக்கும். கம்பியின் அலைவரிசையை 256 கூறாகப் பிரித்து, எந்தக் கூறில் இரைச்சல் அதிகம், எதில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று பேசி முடித்த பிறகுதான் விளக்கு நிலையாக எரியும். வாடிக்கையாளர்கள் சிலர் அரை நிமிடம் பார்த்துவிட்டு, வரவில்லை என்று அணைத்துப் போடுவார்கள். போட்டதும் ட்ரெயினிங் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். மறுபடி அணைப்பார்கள். நாங்கள் போய்ச் செய்த ஒரே ரிப்பேர், சுவிட்சிலிருந்து அவர்கள் கையை எடுத்தது.

இந்தக் கம்ப்யூட்டரிலும் அதே சங்கதிதான். இவன் வாங்கியது டிடிஆர்5 என்ற புது வகை மெமரி. ப்ராசஸர் ஏ.எம்.டி. கம்பெனியின் ஏ.எம்.5 வகை. 2022 செப்டம்பரில் வந்த இந்த வகைக்கு டிடிஆர்5 மட்டும்தான் போட முடியும். மெமரிக்கும் ப்ராசஸருக்கும் நடுவே தகவல் போவதற்கு மட்டும் 64 தடங்கள். ஒவ்வொன்றிலும் நொடிக்கு 600 கோடி தடவை தகவல் மாறுகிறது. ஒரு தகவலுக்குக் கிடைக்கும் நேரத்தில் மின்குறி போர்டில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான் ஓடியிருக்கும். அப்படியென்றால் ஒரு தடம் இன்னொன்றைவிட மயிரிழை நீளமாக இருந்தாலும் தகவல் முன்னே பின்னே வந்து சேரும். அதைச் சரிசெய்ய, ப்ராசஸர் தெரிந்த ஒரு கோலத்தை மெமரியில் எழுதி, திருப்பிப் படித்து, நேரத்தைக் கொஞ்சம் தள்ளி, மறுபடி எழுதி மறுபடி படித்து, ஒவ்வொரு தடத்துக்கும் சரியான நொடித்துளியைக் கண்டுபிடிக்கிறது. பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த பையனை எழுத்துக்கூட்டிப் படிக்க வைப்பது போல. இது முடிகிறவரை திரையில் ஒன்றும் வராது. மெமரி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நேரம். இந்த வகை போர்டு செய்யும் கம்பெனி ஒன்று, முதல் தடவை 400 நொடி வரை ஆகலாம் என்று மெமரி மாட்டும் இடத்திலேயே காகிதம் ஒட்டி விற்றது. 400 நொடி என்றால் ஆறரை நிமிடத்துக்கு மேல்.

இவனோ முப்பது செகண்டில் அணைத்துவிடுகிறான். ரேமை இடம் மாற்றுகிறான். இடம் மாறியதும் மெஷின் பழைய பாடத்தை மறந்து அ, ஆ-விலிருந்து தொடங்குகிறது. மூன்று நாளாக அந்த மெஷினை யாரும் 'இ' வரைக்கும் போக விடவில்லை.

"சரி கண்ணு, ஒரே ஒரு ரேம் மட்டும் போடு. புஸ்தகத்துல எந்த இடம்னு படம் போட்டிருக்கான் பார்."

ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணினால் இரண்டாவது துளை. நான்கு துளை உள்ள பெரும்பாலான போர்டுகளில் இதுதான் முறை. இரண்டு முனையும் பூட்டும்வரை அழுத்தி மாட்டினான். சுவரில் கடிகாரம் இருந்தது. பத்து நிமிடத்துக்கு யாரும் சுவிட்ச் பக்கம் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போடச் சொன்னேன்.

மஞ்சள் விளக்கு. ஒரு நிமிடம் ஆயிற்று. பையனின் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றுகொண்டார். இரண்டு நிமிடம். திடீரென்று ஃபேன் நின்று, மெஷின் தானாகவே அணைந்து மறுபடி கிளம்பியது. பையன் கை சுவிட்சுக்குப் போயிற்று. பிடித்துக்கொண்டேன். இப்படித் தானே ஒரு தடவை அணைந்து கிளம்புவதும் அந்தப் பாடத்தில் சேர்த்திதான். மூன்று நிமிடம். நண்பர் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். யாரும் பேசவில்லை. நான்கு நிமிடம் தாண்டியதும் மஞ்சள் அணைந்தது. வெள்ளை ஒன்று எரிந்து அணைந்தது. திரையில் போர்டு கம்பெனியின் பெயர் பெரிதாக வந்து நின்றது.

"வந்துருச்சுங்களாண்ணா?" என்றார் அந்த அம்மா.

"வந்துருச்சம்மா. வளையலை எடுத்துப் போட்டுக்கங்க."

முறையாக அணைத்துவிட்டு இரண்டாவது ரேமையும் போட்டோம். மறுபடி ஐந்து நிமிடம் காத்திருந்தோம். அதுவும் வந்தது. கற்ற பாடத்தை மெஷின் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை போட்டபோது ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. 12 டிசைனும் தீபாவளிக்குள் போய்ச் சேர்ந்தது என்று பிறகு சொன்னான்.

பையனுக்கு அந்த ரிப்பேர் கடைக்காரர் மேல் கோபம். "ஏமாத்தப் பாத்தாருங் மாமா" என்றான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளைக்கு முப்பது மெஷின் பார்க்கிறவர் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும்? காத்திருக்க நேரம் இல்லாதவருக்கு மாற்றிவிடுவதுதான் சுலபம். ஆனால் மாற்றியிருந்தால் காசு மட்டுமா போயிருக்கும்? இந்த வகையில் ப்ராசஸர் உட்காரும் இடத்தில் போர்டிலேயே 1,718 நுண்ணிய ஊசிகள் இருக்கின்றன. கழற்றி மாட்டும்போது கை நடுங்கி ஒன்று வளைந்தாலும் நன்றாக இருந்த போர்டு நிஜமாகவே போய்விடும்.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் உதவும் என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

1. திரையையும் கேபிளையும் வேறு ஒன்றில் மாட்டிச் சோதியுங்கள். செட்டாப் பாக்ஸ் போதும்.

2. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில் இருக்கட்டும். கார்டு இல்லையென்றால் ப்ராசஸரிலேயே படம் காட்டும் வசதி இருக்க வேண்டும். இன்டெல் ப்ராசஸர் பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அந்த வசதி கிடையாது. வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. 24 ஊசி, 8 ஊசி இரண்டு கேபிளையும் அழுத்தி மாட்டுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனி கரண்ட் கேபிள் இருந்தால் அதையும்.

4. போர்டில் எந்த விளக்கு நிற்கிறது என்று பாருங்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பக்கத்தில் உள்ள எழுத்தைப் படியுங்கள்.

5. ஒரே ஒரு ரேம், கையேட்டில் சொன்ன துளையில். மற்ற டிஸ்க் எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள்.

6. போட்டுவிட்டு பத்து நிமிடம், கடிகாரம் பார்த்துக் காத்திருங்கள். இதைச் செய்யாமல் அடுத்ததுக்குப் போகாதீர்கள். கருகல் வாசனையோ புகையோ வந்தால் மட்டும் உடனே அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

7. அதற்கும் வரவில்லை என்றால் ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். ஒரு நேரத்தில் ஒன்று. என்ன செய்தோம், என்ன ஆயிற்று என்று எழுதிக்கொண்டே வாருங்கள். பில்லும் அட்டைப் பெட்டியும் பத்திரம், உத்தரவாதத்துக்கு வேண்டும்.

எதைக் கழற்றுவதானாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டுக் கழற்றுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதோடு போய்விடும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரை எடுக்கும் அளவுக்குக் கரண்ட் தங்கியிருக்கும்.

இந்தப் பட்டியலில் உள்ள மற்ற வேலைகளை எல்லாம் பேரப்பிள்ளைகள் நம்மைவிட வேகமாகச் செய்வார்கள். ஆறாவதை மட்டும் அவர்களால் செய்ய முடியாது. பத்து நிமிடம் சும்மா உட்காருவது அவர்களுக்கு ஆகாத காரியம். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். ஓய்வூதியம் வாங்குகிற நமக்கு இல்லாத நேரமா?